எனக்கு ஆட வராது

அன்புள்ள அக்கா,

மொகஞ்சதாரோ நடனப் பெண் சிலையைப் பாடப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, “முதன்முதலில் யாருப்பா ஆடினாங்க?” என்று என் மகள் கேட்டாள். பதில் தெரியவில்லை. ஆட்டம் சாமிக்காகத் தொடங்கியதா, பொழுதுபோக்காகவா? அவள் இப்போது ஜும்பா வகுப்புக்குப் போகிறாள். கும்மி, ஒயிலாட்டமெல்லாம் மேடையில் பார்ப்பதுதான். அவள் எதைக் கற்றுக்கொள்வது நல்லது? எனக்கு ஆட வராது, பார்ப்பதோடு சரி.

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்களைக் கும்மிக்குக் கூப்பிட்டேன். பாதிப்பேருக்கு மேல் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு படம்பிடிக்க நின்றார்கள். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

முதலில் சிலை. பத்தரை சென்டிமீட்டர் உயரம், வெண்கலம், 1926-இல் கிடைத்தது. இடுப்பில் கைவைத்து நிற்கிறாள், அவ்வளவுதான். நடனப் பெண் என்பது தோண்டியெடுத்தவர்கள் வைத்த பெயர். மகளுக்கு மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகைகளின் பழங்காலப் பாறை ஓவியங்களைக் காட்டுங்கள். அங்கே ஆட்கள் வரிசையாக நின்று ஆடுகிறார்கள்.

சாமிக்கா, பொழுதுபோக்குக்கா என்று பிரிப்பது நம் காலத்துப் பழக்கம். சிலப்பதிகாரத்தில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆயர் சேரியே கலங்கி நிற்கிறது. கண்ணகிக்கு அடைக்கலம் தந்த ஆயர்குல மாதரி என்ன செய்கிறாள்? கைகோத்து வட்டமாக ஆடும் குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுகிறாள். கறவையும் கன்றும் துயர் நீங்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் கண்ணகியும் அதைப் பார்க்க வேண்டும். இது வழிபாடா, விளையாட்டா? குறுந்தொகை 31-இல் காதலனைத் தேடிப் போகிறவள் மகளிர் கைகோத்துத் துணங்கைக் கூத்து ஆடும் இடத்திலும் தேடுகிறாள். நானும் ஆடுகள மகள்தான், அவனும் ஆடுகள மகன்தான் என்கிறாள். ஆட வராது என்று சொல்லவில்லை!

எங்கள் ஊரில் முளைப்பாரி போட்டால் ராத்திரி ராத்திரி கும்மிதான். ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு, ஓர் அடி நகர வேண்டும். எங்கள் பெரியம்மாவுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பியிருக்கும். அவரும் வட்டத்தில் நிற்பார். அவர் அந்தக் காலை இழுத்து வைக்கும்வரை பாட்டுக்காரி கடைசிச் சொல்லை நீட்டிப் பிடிப்பாள். யாரும் அதைப் பேசிவைத்துச் செய்யவில்லை. எட்டு வயதில் எனக்குக் கும்மியின் தாளமே அப்படித்தான் என்று நினைப்பு. வேற்றூரில் வாக்கப்பட்டுப் போய் ஆடியபோதுதான் அந்த நீட்டல் பெரியம்மாவுக்காக வந்தது என்று புரிந்தது.

அந்த வட்டத்தில் எல்லாருக்கும் முகம் உள்ளே. பார்க்க வந்தவர்களுக்குத் தெரிவது முதுகுதான். மேடை வந்ததும் வட்டத்தைப் பிரித்து வரிசையாக்கி, முகத்தைத் திருப்பி வைத்தோம். நன்றாக ஆடுகிறவர் முன்வரிசை, சுமாராக ஆடுகிறவர் பின்வரிசை. என் தங்கை பேத்தியைப் பள்ளி ஆண்டுவிழாவில், தாளம் தப்புகிறது என்று ஒத்திகையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். ஆறு வயசு. இப்போது அவளும் ‘எனக்கு ஆட வராது’ என்கிறாள். உங்களுக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. பிறக்கும்போதே தெரிந்திருக்க முடியாது.

இன்னொன்று. கோவையில் இருந்துகொண்டு கும்மியை மேடையில்தான் பார்க்கிறோம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கொங்கு ஊர்களில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி பழகப் பெண்களும் பிள்ளைகளும் கோயில் திடல்களுக்குத் திரண்டு வருகிறார்கள். ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து, 2024-இல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா உங்கள் மாவட்டக்காரர். ஒரு சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பார்ப்பதோடு நிற்காதீர்கள்.

ஜும்பாவா? தாராளமாகப் போகட்டும், வியர்க்க வியர்க்க ஆடட்டும். வகுப்பு முடியும்வரை வெளியே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், நீங்களும் உள்ளே போய் மகளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா