மொரிசியஸில் இருந்துகொண்டு தமிழ்க் கதை படிக்க எங்கே தொடங்குவது?

ரோஸ்ஹில்லில் இருக்கிறேன், பள்ளியில் தமிழ் படித்தேன், பாடப்புத்தகம் தாண்டி ரசித்துப் படிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தேர்வு கல்கிதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதை. அடுத்த இதழையும் வாசகர் வாங்க வேண்டுமே! அதனால் அத்தியாயங்கள் சின்னவை, பலவற்றின் முடிவில் ஒரு முடிச்சு இருக்கும். தினமும் பிரெஞ்சும் கிரியோலும் புழங்குகிற உங்களுக்கு இந்த அளவு ரொம்ப வசதி, ராத்திரிக்கு ஓர் அத்தியாயம் போதும். ஐந்து பாகம் மலைப்பாக இருந்தால் 'பார்த்திபன் கனவு' எடுங்கள், அது சிறியது.

சரி, ராஜா கதை பிடிக்காதா? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' படியுங்கள். கடவுளே சென்னைத் தெருவுக்கு வந்துவிடுகிற சிறுகதை, எனக்கு எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வரும். பேச்சுத் தமிழ் முதலில் இடறலாம், வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

கடை தேடி அலைய வேண்டாம். தமிழ் நூல்களை மின்னூலாக்கித் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் (Project Madurai) இணையதளத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால், தமிழ் கற்பிக்கும் மோக்கா மகாத்மா காந்தி நிறுவனத்தின் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.