கதவின் நடுப்பலகை பிளப்பது ஏன்?
கோத்த ஒரே மாதத்தில் நடுப்பலகை இழையோட்டத்தோடு பிளக்கிறது என்றால் மரத்தைத் திட்டாதீர்கள். சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை செருகும் பள்ளத்துக்குள், கசிந்த பசையைச் சந்தேகியுங்கள். காற்றின் ஈரத்துக்கேற்ப பலகை அகலவாக்கில் சுருங்கும், விரியும். பசை பிடித்துக்கொண்டால் அது பிளந்துதான் வழி தேடும். கிளாம்ப் இறுக்கும் அவசரத்தில் நானும் சில கதவுகளை இப்படிப் பாழாக்கியிருக்கிறேன்.

பிளந்த கதவில் பலகையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மயிரிழைகூட அசையாவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனி சட்டத்தின் மூட்டுக்கு மட்டும் பசை தடவுங்கள். பலகையின் இருபுறமும் காடிக்குள் சுமார் 3 மி.மீ. இடம் விடுங்கள். பலகை மூலைகளில் மெழுகு தேய்ப்பது கூடுதல் காப்பு.

பலகை தாராளமாக அசைந்தும் பிளந்திருந்தால் இந்தப் பதில் உதவாது. அப்போது மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானியைப் பலகையில் வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் மரம் சரியாக உலரவில்லை.