சட்டசபைக்கும் கோர்ட்டுக்கும் முட்டிக்கிட்டா யாரு பெரியவங்க?

இதே கேள்விய லா காலேஜ் வைவால (வாய்மொழித் தேர்வுல) என்கிட்ட கேட்டாங்க. சட்டசபை, அரசாங்கம், கோர்ட் மூணு தூணும் சமம் சார்னு ஒப்பிச்சேன். எக்ஸாமினர் சிரிச்சுட்டு "அப்போ கேசவ் சிங் கேஸ் படிக்கல, அப்படித்தானே தம்பி"ன்னாரு. மார்க் போச்சு, கேஸ் மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு.

1964, உத்தரப் பிரதேசம். கோரக்பூர்க்காரர் கேசவ் சிங், ஒரு எம்எல்ஏ ஊழல் பண்றாருன்னு நோட்டீஸ் அடிச்சு விட்டாரு. சபையோட சிறப்பு உரிமைய மீறிட்டாருன்னு மார்ச் 14 சபைக்கு இழுத்துட்டு வந்து கண்டிச்சா, மனுஷன் சபாநாயகருக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறாரு, திரும்பத் திரும்ப பேரு கேட்டும் வாயத் தொறக்கல, இது போதாதுன்னு சபாநாயகருக்கு சூடா ஒரு லெட்டர் வேற எழுதியிருந்தாரு. 7 நாள் ஜெயில்னு சொல்லிட்டாங்க.

19ம் தேதி சாலமன்னு ஒரு வக்கீல் அலகாபாத் ஹைகோர்ட்டோட லக்னோ பெஞ்ச்ல ஆட்கொணர்வு மனு (புடிச்சு வச்ச ஆள கோர்ட்டுக்குக் கொண்டு வரச் சொல்ற மனு) போட்டாரு, மதியம் கேஸ் எடுத்தப்போ சர்க்கார் வக்கீல் ஆளக் காணோம், ரெண்டு ஜட்ஜும் ஜாமீன் குடுத்துட்டாங்க. அவ்ளோதான், 21ம் தேதி சபைல தீர்மானம்: கேசவ் சிங்க திரும்ப உள்ள தள்ளு, அந்த வக்கீலையும் ரெண்டு ஜட்ஜையும் கஸ்டடில எடுத்து சபைக்குக் கொண்டு வா. ஆமாங்க, ஹைகோர்ட் ஜட்ஜ கைது பண்ணி! ஜட்ஜோட நடத்தைய சபைல பேசவே கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட 211வது பிரிவு சொல்லுது, அதெல்லாம் அன்னைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு ஜட்ஜும் அவங்க கோர்ட்லயே மனுதாரரா போய் நிக்க, மீதி 28 ஜட்ஜும் ஒரே பெஞ்சா உக்காந்து ஸ்டே குடுத்தாங்க.

விஷயம் கைமீறிப் போகுதுன்னு ஜனாதிபதி சுப்ரீம் கோர்ட்ட கருத்து கேட்டாரு. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமைல 7 பேரு, 6க்கு 1. சபைக்கு உரிமை இருக்கு, ஆனா ஒரு ஆள உள்ள வச்சா அது சட்டப்படிதானான்னு கோர்ட் பாக்கலாம், இங்க பிரிட்டிஷ் பார்லிமென்ட் மாதிரி யாரும் எல்லாத்துக்கும் மேல இல்ல, அரசியல் சட்டம்தான் மேலன்னு சொல்லிட்டாங்க.

இவ்ளோ சொல்லியும் 1987ல நம்ம தமிழ்நாடு சட்டசபை ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாசம் போட்டுச்சு, சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம்னு அப்போ சபாநாயகரா இருந்த பி.எச்.பாண்டியன் பேசின காலம் அது. கொஞ்ச நாள்லயே வெளிய விட்டுட்டாங்க, அது தனிக் கதை.

நிறைய பேரு கேசவ் சிங் கதைய சுப்ரீம் கோர்ட் கருத்தோட நிறுத்தி 'கோர்ட்தான் ஜெயிச்சுது'ம்பாங்க. இல்லங்க. கேசவ் சிங் மனு திரும்ப அலகாபாத் போச்சு, 1965ல ஹைகோர்ட் அத விசாரிச்சு, சபை குடுத்த தண்டனை சரிதான்னு தள்ளுபடி பண்ணிடுச்சு. 7 நாள்ல 6 நாள் முன்னாடியே முடிஞ்சிருந்துது, பாக்கி ஒரு நாளைக்கு மனுஷன் திரும்ப ஜெயிலுக்குப் போக வேண்டியதாயிடுச்சு.