கூரியர்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் கவரையும் பெட்டியையும் நம்பிப் பொருள் அனுப்பலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆன்லைனில் புதிதாக விற்க ஆரம்பித்திருக்கிறீர்கள். கூரியர்காரர் கவர் இலவசம் என்கிறார், விற்பனைத் தளமும் 200 கவர் சும்மா அனுப்புகிறேன் என்கிறது. தரம் எப்படி, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

புடவை, துண்டு, சுடிதார் விற்கிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி உடையக்கூடியது, முனையுள்ளது, கனமானது எதுவாக இருந்தாலும் அந்தக் கவர் வெளியே போடும் சட்டை மட்டும்தான். பொருளைக் காப்பாற்றும் வேலையை அது செய்யாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தீபாவளி சீசன் முழுக்க ஆனது.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு ஆறு வருஷமாகப் பித்தளை ஃபில்டர், டவரா செட், நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எல்லாம் ஆன்லைனில் விற்கிறேன். ஆரம்பத்தில் எனக்கும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே கட்டுக்கட்டாகக் கவர் வந்தது. வெள்ளையாக, பளபளவென்று, மேலே பில் வைக்கிற கண்ணாடிப் பை ஒட்டி, பார்க்க லட்சணமாக இருந்தது. பெங்களூருக்கு ஓர் அடி உயரக் குத்துவிளக்கு ஒன்றுக்கு ஆர்டர். நாச்சியார்கோயில் விளக்கு திருகிக் கழற்றக்கூடியது. பாதம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வந்துவிடும். கழற்றி, நியூஸ் பேப்பரில் சுற்றி, அந்தக் கவரில் போட்டு, ஓரத்து ஸ்டிக்கரை உரித்து ஒட்டி அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் வாடிக்கையாளர் அம்மா போட்டோ அனுப்பினார். பாதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, தண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது, அகலும் இருக்கிறது. கவரின் ஒரு மூலையில் கிழிசல். அன்னம் மட்டும் வழியிலேயே பறந்துவிட்டது. "அன்னம் இல்லாத விளக்கை வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது, தீபாவளியும் அதுவுமா?" என்று கேட்டார். நியாயம்தானே. நாச்சியார்கோயில் போய் அதே அளவு மரையில் ஓர் அன்னம் தேடி வாங்கி அனுப்பினேன். அந்த விளக்கில் லாபம் போனதோடு பஸ் செலவும் என் தலையில்.

கூரியர் எடுக்க வரும் தம்பியிடம் புலம்பினேன். "அண்ணே, இது துணி, டாக்குமெண்ட் அனுப்புற கவரு. இதுல போய் வெளக்க வச்சா?" என்றான். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் சொன்னதில்தான் முழுப் பதிலும் இருக்கிறது. இலவசக் கவர் கூரியர்காரர்களின் வசதிக்காகச் செய்தது: பார்கோடு ஒட்ட வழவழப்பான இடம், திறந்தால் தெரிந்துவிடுகிற பசை, பெல்ட்டில் சிக்காமல் வழுக்கிப் போகிற மேல்பக்கம், கூடவே அவர்கள் பெயருக்கு விளம்பரம். உள்ளே இருக்கும் பொருளுக்கு அடிபடாமல் இருப்பது அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

தெரிந்த பட்டறையில் மைக்ரோமீட்டர் இருந்தது. ஆர்வக்கோளாறில் இலவசக் கவரையும் நான் காசு கொடுத்து வாங்கிய கவரையும் வைத்து அளந்து பார்த்தோம். வாங்கியது 60 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), இலவசம் 45க்குச் சற்றுக் கீழே. மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை. கட்டை விரலைக் கவரின் நடுவில் வைத்து அழுத்துங்கள். விரல் நுனி வெளுத்துத் தெரிகிற அளவுக்கு இழுபட்டு, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தால் அது மெலிந்த சரக்கு. பக்கத்து ஒட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் கவர் நடுவில் கிழிந்ததைவிட ஓரத்து ஒட்டில் பிரிந்ததுதான் அதிகம்.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவடை நடக்கும் நாட்களில் எங்கள் பக்கம் காற்றே தூசிதான். ஸ்டிக்கரை உரித்து, அட்ரஸ் சரிபார்த்துவிட்டு வருகிறேன் என்று போனால் அதற்குள் பசையில் ஒரு படலம் படிந்திருக்கும். பிறகு ஒட்டினாலும் நகத்தால் நெம்பினால் வந்துவிடும். உரித்த கையோடு மூட வேண்டும். மூடிய பிறகும் மேலே இரண்டு அங்குல டேப் ஒரு வரி.

இனி அட்டைப்பெட்டி. இதில்தான் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான தலைவலி.

அமெரிக்காவில் அந்த நாட்டு அஞ்சல் துறை, யுஎஸ்பிஎஸ், பிரையாரிட்டி மெயில் என்ற தன் சேவைக்கான பெட்டிகளை உண்மையிலேயே இலவசமாகத் தருகிறது. ஆன்லைனில் கேட்டால் வீட்டு வாசலுக்கே கட்டுக்கட்டாக வந்துவிடும். ஃப்ளாட் ரேட் பெட்டி என்றால் உள்நாட்டில் 70 பவுண்டு வரை, அதாவது கிட்டத்தட்ட 32 கிலோ வரை, ஒரே கட்டணம். அங்கே விற்கும் நம் ஆட்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, இங்கேயும் அப்படி ஏதோ இருக்கிறது என்று பலர் தேடுகிறார்கள். இங்கே தபால் ஆபீஸில் பெட்டி இலவசம் கிடையாது. சில பெரிய அஞ்சலகங்களில் காசுக்குப் பெட்டியும் கிடைக்கும், பேக்கிங்கும் செய்து தருவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் அது தானம் இல்லை. பெட்டியின் விலை அந்தச் சேவையின் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து மலிவான சேவையில் அனுப்பப் பார்க்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. பிடிபட்டால் பிரையாரிட்டி கட்டணத்தையே கேட்பார்கள்.

நமக்கு இலவசமாகக் கிடைப்பவை கடையில் காலியாகிற பிஸ்கட் பெட்டி, மருந்துக் கடைப் பெட்டி, நமக்கே வந்த பார்சலின் பெட்டி. அப்புறம் சில தளங்கள் எப்போதாவது கொடுக்கும் மூன்று பிளைப் பெட்டி, அதாவது மூன்று அடுக்குத் தாளை ஒட்டிச் செய்தது. பழைய பெட்டி மோசம் என்று சொல்லமாட்டேன், நானும் உள்பெட்டியாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு முறை அடிபட்டு வந்த பெட்டியில் மூலைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நடுவில் இருக்கும் அலை அட்டை நசுங்கிவிட்டால் மறுபடி எழாது. மூலையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். பொதுக்கென்று உள்ளே போனால் அது பழைய பேப்பர் கடைக்குத்தான்.

எங்கள் ஊரில் பிரச்சினை ஈரம். யோசித்துப் பாருங்கள், வருஷத்தில் அதிகம் விற்பது தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம். வடகிழக்குப் பருவமழை பிடிப்பதும் அதே ஐப்பசியில்தான். அட்டைப்பெட்டி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கினால் பெட்டி தாங்கும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மழையில் நனையவே வேண்டாம், கூடத்தில் சும்மா அடுக்கி வைத்திருந்தாலே போதும். பிளைகளை ஒட்டியிருப்பது மாவுப் பசை. ஈரம் பட்டால் வெற்றிலைக் கவுளி பிரிவது மாதிரி தாள் தாளாகப் பிரியும். அந்த மாவுக்குக் கரப்பானும் வரும். இலவசமாக வந்த ஐம்பது பெட்டியை நான் திண்ணையை ஒட்டிய அறையில் வைத்து, கார்த்திகையில் எடுத்துப் பார்த்தபோது கீழே இருந்த பதினைந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. இப்போது மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, மேலே பாலிதீன் ஷீட் போட்டு வைக்கிறேன்.

பெட்டி கம்பெனியில் வாங்கப் போனால் வெறும் "மூணு பிளை, அஞ்சு பிளை" என்று மட்டும் கேட்காதீர்கள். ஜிஎஸ்எம் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். பிஎஃப் என்பது அந்தத் தாள் வெடித்துக் கிழியாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்கான எண். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு தாள் சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று வந்துவிடும். 150 ஜிஎஸ்எம், 18 பிஎஃப் என்றால் 2.7. இலவசப் பெட்டியில் இந்த எண்ணே இருக்காது, கேட்டாலும் சொல்ல ஆளில்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது. மெலிந்த பெட்டி என்று தெரிந்தால் அதற்குத் தகுந்த பொருளை வைத்துக்கொள்வேன். தெரியாதபோது எதை வைப்பது?

அடுத்தது அளவு. பலரும் தரத்தைப் பார்த்துவிட்டு இதைக் கோட்டை விடுகிறார்கள். இலவசம் என்றால் அவர்கள் வைத்திருக்கும் இரண்டு மூன்று அளவுதான். ஒரு தடவை நெட்டி வேலை அனுப்பினேன். குளத்தில் விளையும் நெட்டித் தண்டைச் சீவிச் செய்கிற பெரிய கோவிலின் மாதிரி உருவம், கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். பேக்கிங்கோடு 400 கிராம். கைவசம் இருந்த இலவசப் பெட்டி 30க்கு 25க்கு 20 சென்டிமீட்டர். கூரியர்காரர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000த்தால் வகுப்பார்கள். வருவதைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, உண்மை எடையைவிட அது அதிகம் என்றால் அதற்கே பில் போடுவார்கள். 15,000ஐ வகுத்தால் 3. அதாவது 400 கிராம் பொருளுக்கு மூன்று கிலோவுக்கான பில். பெட்டி சும்மா வந்தது, அதில் அனுப்பியதற்கு ஆன கூடுதல் பணத்தில் சரியான அளவுப் பெட்டி ஒரு டஜன் வாங்கியிருப்பேன். 2025 செப்டம்பர் 22லிருந்து அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டியும் 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. நூறு பெட்டியாக எடுத்தால் சின்னப் பெட்டி ஒன்று எனக்கு எட்டு, ஒன்பது ரூபாய்க்குள் வருகிறது.

அப்பா காலத்தில் பாத்திரம் பார்சல் போனால் வைக்கோல் திணித்து, மரப்பெட்டியில் வைத்து, மேலே காடாத் துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைப்பார்கள். அப்படிப் போனது ஒன்றுகூட உடைந்து வந்ததில்லை என்று அவர் சொல்வார். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். அந்த ஆசையில் நானும் ஒரு முறை தலையாட்டிப் பொம்மைக்கு வைக்கோல் வைத்துப் பார்த்தேன். மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வைக்கோல் சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், பொம்மையின் வர்ணத்தில் கறை விழும். வெளிநாட்டுக்கு என்றால் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் வைக்கோல் திணித்த பார்சலை உள்ளேயே விடமாட்டார்கள். இப்போது பொம்மையின் தலை, இடுப்பு, பாவாடை ஒவ்வொன்றையும் தனியாகப் பபிள் ரேப்பில் சுற்றி, சின்னப் பெட்டியில் அசையாமல் பொருத்தி, அதை இன்னொரு பெட்டியில் வைத்து இடைவெளியில் கசக்கிய பேப்பர் திணிக்கிறேன். அதற்கு மேல் வேண்டுமானால் இலவசக் கவர். மழை நாளில் அந்தச் சட்டை உண்மையிலேயே உதவுகிறது, அதை மறுக்கமாட்டேன்.

புதுப் பெட்டியோ இலவசப் பெட்டியோ, முதல் முறை என்றால் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. பேக்கிங் துறையில் இஸ்டா என்ற அமைப்பின் முறை இது. சுமார் ஒன்பது கிலோவுக்குள் இருக்கும் பார்சலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும். ஒரு மூலையில் ஒரு முறை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பிலும் ஒவ்வொரு முறை, பிறகு ஆறு பக்கமும். எங்கள் வீட்டுத் திண்ணை கிட்டத்தட்ட அதே உயரம். உள்ளே விற்க முடியாத அடிபட்ட டவரா ஒன்றை வைத்து, திண்ணையிலிருந்து தள்ளிவிடுவேன். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இலவசப் பெட்டிகளில் பாதி ஐந்தாவது விழுதலுக்குள் வாயைப் பிளந்தன. அதே பெட்டிகளுக்கு மேலும் கீழும் எச் எழுத்து வடிவில் டேப் ஒட்டிப் போட்டபோது பெரும்பாலானவை பத்தையும் தாண்டின. ஆக, அட்டையைத் திட்டுவதற்கு முன்னால் டேப்பைப் பாருங்கள். நாற்பது மைக்ரானுக்குக் குறைந்த டேப் மழைக்காலத்தில் தானே எழும்பிக்கொள்கிறது.

உடைந்தால் நஷ்டஈடு கிடைக்குமே என்று நினைக்கிறீர்களா? ஸ்பீடு போஸ்ட்டில் தனியாக இன்ஷூர் செய்யாவிட்டால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கூரியரில் "பேக்கிங் சரியில்லை" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். கவர் கொடுத்தது அவர்களே என்று நான் வாதாடிப் பார்த்துவிட்டேன், பலிக்கவில்லை.

சரி, 200 கவரையும் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்காதீர்கள். ஒரு வருஷம் கிடந்தால் பசை காய்ந்துவிடுகிறது, வெயில் படும் அறையில் என்றால் ஆறே மாதம். அதுபோக, ஒரு நிறுவனத்தின் பெயர் அச்சடித்த கவரை இன்னொரு நிறுவனத்தில் வாங்கமாட்டார்கள். நாளைக்குக் கூரியர் மாற்றினால் அத்தனையும் வீண். முதலில் ஐம்பது கேளுங்கள், சின்ன அளவும் நடு அளவும் பாதிப் பாதி. பெரிய கவர் வேண்டாம். பெரிய கவரில் பொருள் உள்ளேயே உருண்டு உருண்டு ஒட்டைப் பிரிக்கிறது. எங்கள் தெருவில் திருபுவனம் பட்டுப் புடவை விற்கும் அக்கா ஒருவர் நடு அளவு இலவசக் கவரில்தான் வருஷக்கணக்காக அனுப்புகிறார். ஆனால் புடவையை முதலில் ஜிப் வைத்த பாலிதீன் பையில் போட்டு, அதற்கு மேல் ஓர் அட்டை வைத்த பிறகுதான் கவர். என்னிடம் மிஞ்சிய பெரிய கவர்களை எல்லாம் அவரிடமே கொடுத்துவிட்டேன். அவரும் அதில் புடவை அனுப்பவில்லை, மழைக்குத் தறிக்குழியில் விரிக்கிறாராம்.