பதில்: போதகர் தனியாகக் கிளைச் சபை தொடங்கலாமா?

ஐயா, தேவகோட்டைச் சபையில் மூப்பரான உங்களைக் கேட்காமலே, காணிக்கைப் பணத்தில் காரைக்குடியில் கிளை தொடங்குவதாகப் போதகர் அறிவித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது.

பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ மரபின் ஒழுங்கில் சபையை ஆள்வது, சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களின் குழு. போதகர் அதற்குத் தலைமை தாங்குவார், தனி அதிகாரி அல்ல. முதலில் குழுச் செயலரிடம் கூட்டம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். உங்கள் மறுப்பு குறிப்பேட்டில் ஏறட்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: போதகரின் உறுப்பினர் நிலை உங்கள் சபையில் இல்லை, வட்டாரப் பிரஸ்பிட்டரியில், அதாவது அந்த வட்டாரத்துச் சபைகளுக்கு மேலான மன்றத்தில், இருக்கிறது. அதனால் அவரை நீக்க உங்கள் குழுவால் முடியாது. அங்கேதான் முறையிட வேண்டும். புதிய சபையை அமைப்பதும் போதகரை நியமிப்பதும் அதன் பொறுப்பே. அங்கே போதகர்களோடு சபைகள் அனுப்பும் மூப்பர்களும் உட்கார்ந்து வாக்களிப்பார்கள். நம் பக்கம் புள்ளிக்குப் புள்ளி, அதாவது குடும்பத்துக்குக் குடும்பம், நகரத்தார் கூடிப் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

உங்கள் சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததென்றால் வழி வேறு. 1947-ல் பிரஸ்பிட்டேரியன் மரபும் அதில் கலந்தது, ஆனாலும் அங்கே பேராயர் (பிஷப்) உண்டு. முதலில் உங்கள் சபைச் சட்டப் புத்தகத்தைப் பாருங்கள்.

காரைக்குடியில் சபை வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். அதை எல்லாரும் சேர்ந்து தொடங்குங்கள், ஐயா.