செய்முறை விளக்கத்தைப் போட்டியாளர் கேட்டிருக்கிறார்: என்ன செய்யலாம்?

வணக்கம். இசைவாணைக்காக (ஆலை இயங்குவதற்கான வாரிய அனுமதி) மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நீங்கள் கொடுத்த சாயக் கலவையின் செய்முறை விளக்கத்தை, போட்டியாளர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டிருப்பதாகவும், அதுபற்றிப் பொதுத் தகவல் அலுவலரின் கடிதம் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வரும் மூன்றாம் தரப்பு அறிவிப்பு; அதாவது, கேட்கப்பட்ட தகவலுக்கு உரிய உங்கள் கருத்தைக் கேட்கும் கடிதம். கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்பதால், உறையை அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள்.

வணிக இரகசியங்களுக்கு விலக்குத் தரும் 8(1)(டி) பிரிவைக் குறிப்பிட்டு "வணிக இரகசியம்" என்று ஒற்றை வரியில் எழுதுவது, பலரும் செய்வதுதான் என்றாலும், போதாது. எந்தப் பக்கத்தில் உள்ள எந்த விகிதமோ வெப்பநிலையோ வெளியானால் சந்தையில் உங்கள் போட்டித்திறன் எவ்வாறு பாதிக்கப்படும் என்று விளக்கி, அந்த வரிகளை மட்டும் கறுப்பு மையால் மறைத்த நகல் ஒன்றையும் இணையுங்கள். 10ஆம் பிரிவின்படி மீதியைப் பிரித்துக் கொடுக்க அலுவலருக்கு அது எளிதாக இருக்கும்.

கழிவுநீர் வெளியேற்ற விவரங்களை மறைக்கக் கோராதீர்கள். அது தொடர்பாக வாரியம் விதித்த நிபந்தனைகளின் பதிவேட்டை, பாதிக்கப்படுவோர் பார்வையிடலாம் என்று 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமே சொல்கிறது. அந்த விவரங்களையும் சேர்த்து மறைக்கக் கேட்டால் நியாயமான கோரிக்கையும் வலுவிழக்கும். நம்பிக்கையின் பேரில் கொடுத்தோம் என்ற வாதத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். ஒழுங்குமுறை அமைப்புக்குச் சட்டப்படி கொடுத்தே ஆகவேண்டிய தகவலுக்கு அது பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் கூறிவிட்டது.

முடிவு பாதகமாக வந்தால், 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.