எஃப்.டி. போடக் கை வரவில்லை: 22 லட்சமும் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 40. மாதச் சம்பளம் 78,000 ரூபாய். சேர்த்த 22 லட்சமும் ஒரே வங்கியில், சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. மனைவி எஃப்.டி. போடச் சொல்கிறார். படிவம் வாங்கி வருவேன், அப்புறம் போடாமலே விட்டுவிடுவேன். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஃபைனான்ஸ் கம்பெனியில் அப்பா போட்ட பணம் மொத்தமும் போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி, நல்ல வட்டியும் பாதுகாப்பும் உள்ள முதலீடு இருக்கிறதா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கிறது. நீங்கள் போடாமல் வைத்திருக்கும் அந்த எஃப்.டி.தான் அது. வரிச்சேமிப்புக்கான ஐந்தாண்டு எஃப்.டி. தவிர, சாதாரண எஃப்.டி.யை இடையில் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். பணம் டெபாசிட்டில் இருந்த காலத்துக்கு உரிய வட்டியைத்தான் தருவார்கள், அதிலும் வழக்கமாக அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள், அவ்வளவுதான்.

வங்கியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் கேட்கவே இல்லை. டெபாசிட் போட்டால் பணம் திரும்பாது என்று 11 வயதிலேயே உங்களுக்குள் முடிவாகிவிட்டது. முடிவான விஷயத்தை யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. 1990-களில் பணம் இழந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் என்னிடம் வருகிறார்கள். கம்பெனியின் பெயர்கூட அவர்களுக்கு மறந்திருக்கும். ஷட்டர் இறக்கிய ஆபீஸ் வாசலில் அப்பா நின்றதும், ஸ்கூல் ஃபீஸுக்காக அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போனதும் மட்டும் மறக்காது. இது கோழைத்தனம் இல்லை. வாழ்நாளில் பங்குச்சந்தை வீழ்ச்சியை அதிகம் பார்த்தவர்கள் பிறகும் பங்குகளில் குறைவாகவே பணம் போடுகிறார்கள் என்று மால்மெண்டியர், நாகெல் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2011-ல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். நீங்களோ அந்த அடியைச் சிறு வயதில், சொந்த வீட்டுக்குள் பார்த்தவர்.

ஆனால் அப்பா ஏமாந்த இடம் வேறு, வங்கி வேறு. அந்தக் கம்பெனிகளில் போட்ட பணத்துக்குக் காப்பீடு கிடையாது. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததே 1997-ல்தான். வங்கி டெபாசிட்டுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. சேமிப்புக் கணக்குக்கும் இதே வரம்புதான். அதாவது, பாதுகாப்பு என்று நினைத்து நீங்கள் வைத்திருக்கும் பணத்தில் 17 லட்சத்துக்குக் காப்பீடே இல்லை! இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

முதல் வேலையாக 50,000 ரூபாய்க்கு மட்டும் மொபைல் ஆப்பிலேயே ஓர் எஃப்.டி. போடுங்கள். இரண்டு மாதம் கழித்து, தேவை இல்லாவிட்டாலும் அதை முடித்துவிடுங்கள். பணம் கணக்குக்குத் திரும்புவதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். வட்டியில் சில நூறு ரூபாய் குறையும், போகட்டும். நான் எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்தப் பதினொரு வயதுப் பையன் நம்ப மாட்டான். பணம் திரும்பி வந்தால் நம்புவான்.

அப்புறம் 4 லட்சத்தை அவசரத்துக்கு இப்போதுள்ள கணக்கிலேயே விடுங்கள். வேறு இரண்டு வங்கிகளில் தலா 4.5 லட்சம் எஃப்.டி. போடுங்கள். மிச்சம் 9 லட்சத்தை அஞ்சலக டைம் டெபாசிட்டில் போடலாம். அதற்கு மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு. ஆனால் முதல் ஆறு மாதம் எடுக்க முடியாது என்பதால், மனம் கொஞ்சம் பழகியபின் கடைசியாகப் போடுங்கள். இந்த 18 லட்சத்துக்கு 2.5 சதவீத சேமிப்பு வட்டி என்றால் வருடத்துக்கு 45,000 ரூபாய். 6 சதவீதம் கிடைத்தால் 1,08,000 ரூபாய்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், யார் சொன்னாலும் சரி. அந்த 50,000 திரும்பி வந்த பிறகும் படிவம் நிரப்பக் கை வரவில்லை என்றால், ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். எல்லா டெபாசிட்டிலும் மனைவியை நாமினியாகப் போட மறக்காதீர்கள்.